அமைதிப்படையில் இறந்த அப்பாவுக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டே அந்தப் போரை எதிர்க்கலாமா?

கடிதத்தின் சுருக்கம்

வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாற்பதுகளில் இருக்கும் ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் நாயக் பதவியில் இருந்தவர். 1987-ல் இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர், நவம்பர் முதல் வாரத்தில் அங்கே சண்டையில் இறந்துவிட்டார். மகளுக்கு அப்போது மூன்று வயது, தம்பி கைக்குழந்தை. உடல் ஊருக்கு வரவில்லை. தந்தி வந்தது, சில வாரம் கழித்து அவருடைய டிரங்குப் பெட்டி வந்தது. அம்மா பென்ஷனை வைத்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். மகள் இன்று அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. கல்லூரி நாளிலிருந்தே ஈழத்தமிழர் பிரச்சினையில் அக்கறை உள்ளவர், மே மாத முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குத் தவறாமல் போகிறவர், எந்தப் போரும் கூடாது என்பதில் உறுதியானவர்.

இப்போது ஊரில் முன்னாள் ராணுவத்தினர் சேர்ந்து, பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள். ஊரிலிருந்து போய் உயிர்விட்ட மூன்று பேர் பெயர் அதில் வரும், அப்பா பெயர் முதலில். மகள் விளக்கேற்றி நாலு வார்த்தை பேசவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தம்பி ஒரு கட்சியில் இருக்கிறார். அந்தக் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளரை அழைத்து, அப்பா படத்தோடு பேனர் வைக்க ஏற்பாடு நடக்கிறது. "அந்தப் போர் தப்புன்னு நீ மேடையில பேசினா அப்பா செத்ததுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும், அம்மா பென்ஷனுக்கும் ஆபத்து" என்கிறார் தம்பி. கூட்டங்களுக்கு உடன் வரும் நண்பர்கள், "அமைதிப்படைக்கு வீரவணக்கமா? யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியை மறந்துட்டீங்களா?" என்கிறார்கள். இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு தோழி இவருக்கு உண்டு. அந்தத் தோழியின் பாட்டி அமைதிப்படை சுட்டு இறந்தவர். தோழி எதுவுமே சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்று எழுதுகிறார்.

அஞ்சலியையும் போரெதிர்ப்பையும் பிரிக்க முடியுமா, போரைக் குறை சொன்னால் வழக்கு வருமா, பென்ஷன் நிற்குமா, பேனரைத் தடுக்க உரிமை உண்டா என்று கேட்கிறார். கடைசி வரி இது: "1987 அக்டோபர் 21 அன்று அப்பா எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது."

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், பென்ஷன் நிற்காது. மகள் மேடையில் என்ன பேசினாலும் அதைக் காரணம் காட்டி ஒரு படைவீரரின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தை நிறுத்த எந்த விதியிலும் இடம் கிடையாது. ஓய்வூதியம் அரசு இரக்கப்பட்டுப் போடும் கொடை இல்லை, அது உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொல்லிவிட்டது. முன்னாள் படைவீரர் குடும்பங்களின் பென்ஷன் வழக்குகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். உயிர்வாழ்ச் சான்று நேரத்துக்குப் போகாதது, வங்கியில் பெயர் ஒரு மாதிரியும் பென்ஷன் உத்தரவில் வேறு மாதிரியும் இருப்பது, இப்படிப்பட்ட காரணங்களால் பணம் தடைப்பட்டு அலைகிற அம்மாக்கள்தான் வருகிறார்கள். தம்பி நிஜமாகவே அம்மாவின் பென்ஷனைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்றால் பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் அந்த விவரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வழக்கு. அரசு எடுத்த ஒரு ராணுவ முடிவைத் தவறு என்று சொல்வது தேசத்துரோகம் ஆகாது. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது: வன்முறையைத் தூண்டாத, பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கம் இல்லாத விமர்சனம், எவ்வளவு கடுமையாக இருந்தாலும் குற்றமில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் தேசத்துரோகப் பிரிவான 124ஏ 2022 மே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதே, அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் எஸ்.ஜி. வொம்பட்கரே என்பது உங்கள் தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு வந்திருக்கிறது. அதிலும் அரசின் செயலை மாற்றச் சொல்லிச் சட்டப்படி விமர்சிப்பதற்கு விளக்கத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். அமைதிப்படையை அனுப்பியது தவறு என்று நீங்கள் சொல்வதில் புதுமையும் இல்லை. அந்தப் படையை நடத்திய ஜெனரல்களே ஓய்வுபெற்ற பிறகு டெல்லியின் முடிவுகளைக் கடுமையாகக் குறைகூறி எழுதியிருக்கிறார்கள்.

சட்டம் இப்படி இருக்கிறது என்பதால் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. ராணுவத்தை அவமதித்துவிட்டார் என்று அவதூறு வழக்கு போடும் போக்கு இப்போது இருக்கிறது, சமூக ஊடகத்தில் கூட்டமாக வந்து தாக்குவதும் இருக்கிறது. குர்மெஹர் கவுருக்கு நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1999-ல் காஷ்மீரில் கேப்டன் மன்தீப் சிங் இறந்தபோது அவருக்கு இரண்டு வயது. என் அப்பாவைக் கொன்றது பாகிஸ்தான் இல்லை, போர்தான் என்று அவர் ஓர் அட்டையில் எழுதிப் பிடித்த படம் 2017-ல் பரவியபோது, இருபது வயதுப் பெண்ணைப் பாலியல் வன்முறை செய்வோம் என்றே மிரட்டினார்கள். அந்த அப்பாவைப் பார்த்தறியாதவர்களெல்லாம் அவர் பெயரைச் சொல்லி மகளைத் திட்டினார்கள். உங்கள் ஊர்க் கூட்டம் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் யாராவது போனில் படமெடுத்து முப்பது வினாடித் துண்டாக வெட்டிப் போடுவார்கள் என்பதை மனதில் வைத்துத்தான் பேசவேண்டும்.

அரசு ஊழியர் என்பதால் இரண்டு எச்சரிக்கைகள்

நீங்கள் கேட்காத ஒன்று இது, ஆனால் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தனி மனுஷியாக உங்களுக்கு இருக்கும் பேச்சுரிமையில் ஒரு பகுதியை அரசு ஊழியர் நடத்தை விதிகள் எடுத்துக்கொள்கின்றன. கட்சி மேடையில் ஏறக்கூடாது. அரசின் கொள்கையைப் பொதுவெளியில் கண்டித்தாலும் விளக்கம் கேட்டு மெமோ வரலாம், வெளிநாட்டோடு உள்ள உறவுக்குச் சங்கடம் தரும் பேச்சு என்றாலும் வரலாம். ஏறத்தாழ 40 வருடத்துக்கு முந்தைய முடிவைப் பற்றி ஒரு மகள் பேசுவதை எந்த அதிகாரியும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது என் அனுபவம். ஆனால் கட்சிப் பொறுப்பாளர் தலைமை தாங்கும் மேடை என்றால் நீங்கள் போரை ஆதரித்துப் பேசினாலும் விதிமீறல்தான். தம்பியிடம் இதை அப்படியே சொல்லலாம். மனவருத்தம் இல்லாமல் பேனர் விஷயத்தை முடிக்க இதைவிட நல்ல வழி உங்களுக்கு இல்லை.

இரண்டாவது, மே மாத நினைவேந்தல். இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவது குற்றமில்லை. ஆனால் விடுதலைப் புலிகள் இயக்கம் 1992 முதல் இங்கே தடைசெய்யப்பட்ட இயக்கம், 2024-ல் அந்தத் தடையை மறுபடி நீட்டித்திருக்கிறார்கள். திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ 2002-ல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் கைதாகி உங்கள் வேலூர் சிறையில்தான் 19 மாதம் இருந்தார். அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும் நோக்கம் இல்லாமல் தெரிவிக்கும் வெறும் தார்மீக ஆதரவு குற்றமாகாது என்றது. நல்ல தீர்ப்பு, நாங்கள் இன்றும் காட்டுகிற தீர்ப்பு. ஆனாலும் தீர்ப்பு கையில் இருப்பதும் 19 மாதம் உள்ளே இருப்பதும் வேறு வேறு. கொடி, தலைவர் படம், இயக்கத்துக்கு ஆதரவு திரட்டும் முழக்கம், இவை உள்ள மேடையிலிருந்து அரசு ஊழியரான நீங்கள் விலகியே இருங்கள்.

தம்பி சொல்வதில் இருக்கும் பிழை

சட்டம் போதும். நீங்கள் உண்மையில் கேட்டது வேறு, அதற்கு வருகிறேன்.

போர் தப்பென்றால் அப்பா வீணாகச் செத்தார் என்று ஆகிவிடும், ஆகவே போர் சரியாகத்தான் இருந்தாக வேண்டும். தம்பியின் மனதில் இருப்பது இதுதான். அப்பாவின் முகமே தெரியாமல் வளர்ந்த பிள்ளை, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதற்குள் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. அனுப்பியவர் வேறு, போனவர் வேறு. 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது உங்கள் அப்பாவை யாரும் கலந்துபேசவில்லை. தமிழர்களைக் காப்பாற்றத்தான் போகிறோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போன புதிதில் யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றதும் நடந்ததுதான். அக்டோபர் 10-ஆம் தேதி அதே படை புலிகளோடு போரில் இறங்கியது. அடுத்த இரவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி பிளாட்டூனில் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் செத்தார்கள். பழைய வரைபடம், சரியில்லாத உளவுத் தகவல், எதிரே யார், எத்தனை பேர் என்று தெரியாமல் இறக்கிவிடப்பட்ட பையன்கள். 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் கிளம்பும்போது 1,100-க்கும் அதிகமான இந்தியச் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள், ஒப்பந்தம் உறுதியளித்த அமைதி வந்திருக்கவில்லை.

இதைத் தவறான போர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்லும்போது அந்த 1,100 பேரை நீங்கள் சிறுமைப்படுத்துவதில்லை, அவர்களுடைய உயிருக்குக் கணக்குக் கேட்கிறீர்கள். அந்த உயிர்களுக்கு மதிப்பு இருக்கிறது என்று நினைப்பவர் மட்டும்தான் அந்தக் கணக்கைக் கேட்பார். போரைப் பற்றிக் கேள்வியே கேட்கக்கூடாது, மாலை மட்டும் போட்டுவிட்டு இறங்கு என்று யாராவது சொன்னால், உங்கள் அப்பாவின் சாவுக்குப் பின்னால் அவரை அனுப்பியவர்கள் ஒளிந்துகொள்ள அவர் இடம் கொடுக்கிறார். அமெரிக்காவில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களே 1971 ஏப்ரலில் வாஷிங்டனில் நாடாளுமன்றத்தின் முன்னால் வரிசையாக நின்று தங்கள் பதக்கங்களைத் தூக்கி எறிந்தார்கள். செத்துப்போன நண்பர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி எறிந்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் நண்பர்களை அவமதித்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அரசியல் கலக்காத அஞ்சலி என்று ஒன்று இருப்பதாக நினைக்கிறீர்கள், உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் அப்படி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். 1990-ல் அமைதிப்படை சென்னைத் துறைமுகம் வந்திறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. அது அரசியல். டெல்லி அந்தச் சங்கடமான அத்தியாயத்தைப் பேசாமல் மூடி வைத்ததே, அதுவும் அரசியல்தான். இறந்தவர்களில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது, அவர் பெயர் நிலைத்துவிட்டது. மற்றவர்களின் பெயர்களை டெல்லிக்கு முன்பே கல்லில் பொறித்தது யார் தெரியுமா? இலங்கை அரசு. கொழும்புக்குப் பக்கத்தில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் நாடாளுமன்றத்துக்கு அருகே அந்த நினைவிடம் இருக்கிறது, இந்தியப் பிரதமர் 2015-லும் 2025-லும் அங்கே மலர்வளையம் வைத்தார். டெல்லியில் தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். அமைதிப்படையில் இறந்தவர்களும் அங்கே இடம்பெற்றிருக்கிறார்கள். உங்கள் அம்மா அதுவரை முப்பது வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்.

வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் போர் நினைவுச் சுவரைப் பாருங்கள். போரைப் பற்றிச் சரி தப்பு எதுவும் சொல்லக்கூடாது, இறந்தவர்கள் எல்லோருடைய பெயரும் இருக்கவேண்டும் என்பது வடிவமைப்புப் போட்டிக்கு வைத்த நிபந்தனை. மாயா லின் என்ற 21 வயது மாணவி வரைந்த கறுப்புக் கல் சுவர் 1982-ல் எழுந்தது, 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், வேறொன்றும் இல்லை. அதற்கும் சண்டை வந்தது. கறுப்புக் கல் அவமானச் சின்னம் என்று ஒரு தரப்பு கொதித்து, கடைசியில் மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையைப் பக்கத்தில் வைத்துத்தான் சமாதானம் ஆனார்கள். ஆனாலும் அந்தச் சுவருக்குப் போகிற குடும்பங்கள், போரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும், ஒரே இடத்தில் நின்று பெயரைத் தடவிப் பார்த்து அழுதார்கள். பிரிக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: அந்தக் கல் முன்னால் நிற்கும் அரைமணி நேரத்துக்குப் பிரிக்கலாம், பிரிக்கவும் வேண்டும். உங்கள் வாழ்நாள் முழுக்கப் பிரித்து வைக்க முடியாது, வைக்கத் தேவையும் இல்லை.

நம் பக்கத்து வழக்கத்தில் இதற்கு இடம் இருக்கிறது. செங்கம், தருமபுரி வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறு (மாட்டு மந்தை), யார் பட்டான் (இறந்தான்), இதுதான் எழுத்து. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, மாட்டைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. அந்தச் சண்டை நியாயமா என்று கல் சொல்வதில்லை. ஊருக்குள் அதைப் பேசித்தான் இருப்பார்கள்.

நண்பர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது

உங்கள் நண்பர்களின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று அமைதிப்படை யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நுழைந்து நோயாளிகளையும் ஊழியர்களையும் சுட்டது, மறுநாளும் அது தொடர்ந்தது. கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்த மருத்துவர் சிவபாதசுந்தரத்தையும் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்கள் 60-க்கு மேல். உள்ளே இருந்து புலிகள் சுட்டார்கள், நடுவில் சிக்கியவர்கள் இறந்தார்கள் என்று இந்தியத் தரப்பு சொன்னது. பிழைத்தவர்களின் சாட்சியங்களுக்கும் அதற்கும் பொருத்தமே இல்லை. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் பொதுமக்களைக் கொன்றார்கள். இன்றுவரை இவற்றுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இதையெல்லாம் சொல்லாமல் அமைதிப்படைக்கு வீரவணக்கம் என்று ஒட்டுமொத்தமாகப் போஸ்டர் அடித்தால், பாட்டியை இழந்த உங்கள் தோழி அந்தப் போஸ்டரை எப்படிப் பார்ப்பார்?

அதனால்தான் சொல்கிறேன், படைக்கு வணக்கம் வேறு, அந்த மனிதருக்கு அஞ்சலி வேறு. கல்லில் அப்பாவின் பெயர், ஊர், ரெஜிமென்ட், இறந்த நாள், இடம் இருக்கட்டும். ஆபரேஷனைப் புகழும் வாசகம் வேண்டாம் என்று கேளுங்கள், ஒரு குடும்பமாக நீங்கள் கேட்டால் முன்னாள் ராணுவத்தினர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், சாவைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் நண்பர்களிடமும் நீங்கள் ஒன்று கேட்க வேண்டும். இலங்கை ராணுவம் புலிகளின் துயிலும் இல்லங்களை, அதாவது இறந்த போராளிகளின் கல்லறைகளை, புல்டோசர் வைத்து இடித்தது, கோப்பாயில் கல்லறைகள் இருந்த இடத்திலேயே ராணுவ முகாமைக் கட்டியது. அம்மாக்களைத் தங்கள் பிள்ளைக்கு விளக்கேற்றக்கூட விடமாட்டேன் என்கிறதே என்று உங்கள் நண்பர்கள் எல்லோரும் கொதித்தார்கள், நியாயமான கொதிப்பு அது. அந்தப் பிள்ளைகளில் சிலர் செய்த எல்லாவற்றையும் நண்பர்கள் ஏற்றுக்கொண்டதாலா அந்த அம்மாக்களுக்காகப் பேசினார்கள்? செத்த பிள்ளைக்காக அழும் உரிமைக்கு யாரும் நிபந்தனை போடக்கூடாது என்பதால்தானே? அதே உரிமை வேலூர் மாவட்டத்து அம்மாவுக்கும் உண்டு. நியாயமான போரில் செத்தவர்களுக்கு மட்டும்தான் அழலாம் என்றால், இந்த உலகத்தில் அழ அனுமதி கிடைக்கும் வீடுகள் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 21

இதைக் கடைசி வரியாக எழுதியிருந்தீர்கள். இதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன்.

தெரிந்துகொள்ளப் பாதி வழி இருக்கிறது. வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்டு ஆபீஸுக்கு, பென்ஷன் உத்தரவில் இருக்கும் அப்பாவின் ஆர்மி நம்பரைக் குறிப்பிட்டு, வாரிசு என்ற முறையில் அம்மா கையெழுத்தோடு எழுதுங்கள். எந்த பட்டாலியனில் இருந்தார், எந்தத் தேதியில் எந்த இடத்தில் இறந்தார் என்பது சர்வீஸ் ஆவணத்தில் இருக்கும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ராணுவத் தலைமையகத்துக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் உதவும். ஆனால் குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஒரு சிப்பாய் எந்தத் தெருவில் நின்றார் என்பது வரை அந்தக் காகிதம் சொல்லாது. பட்டாலியன் பெயர் தெரிந்தால், அது அன்று மருத்துவமனைப் பக்கம் இருந்ததா என்று ஓரளவு ஊகிக்கலாம். அவ்வளவுதான் கிடைக்கும்.

கேட்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய முடியாது. கேட்காமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, அது கோழைத்தனம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்வேன், என் அப்பா அப்படிச் செய்திருக்கவே மாட்டார் என்ற நம்பிக்கையின் மேல் உங்கள் அஞ்சலியைக் கட்டாதீர்கள். நாளைக்கு ஒரு காகிதம் வந்து அதை உடைத்துவிட்டால் அஞ்சலியும் சேர்ந்து உடையும். அவர் அன்று வேறு எங்கேயோ காவலில் நின்றிருக்கலாம், பெரும்பாலான சிப்பாய்கள் அப்படித்தான். நின்றிருக்காமலும் இருந்திருக்கலாம். எப்படி இருந்தாலும் மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டுப் போனவருக்கு மகள் விளக்கேற்றலாம். மகள் அழுவது தீர்ப்பு ஆகாது. அங்கே நடந்த குற்றத்துக்கு விசாரணை வேண்டும் என்று கேட்பதும் அப்பாவுக்கு எதிரான சாட்சியம் ஆகாது, யார் சுட்டார்கள், யார் உத்தரவு போட்டார்கள் என்று விசாரணை நடந்திருந்தால் சுடாத ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் பிள்ளைகள் இந்தக் கேள்வியோடு வளர்ந்திருக்க மாட்டார்கள்.

கல், பேனர், மேடை

பஸ் ஸ்டாப் பக்கத்தில் கல் வைப்பது பற்றி ஊரில் யாருமே யோசித்த மாதிரி தெரியவில்லை. பொதுச் சாலை, நடைபாதை, மக்கள் பயன்படுத்தும் இடங்களில் சிலையோ கட்டுமானமோ எழுப்ப அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரி 18-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டிருக்கிறது. யாராவது ஒருவர் மனு போட்டால் வருவாய்த்துறை வந்து எடுத்துவிடும், அப்பா பெயர் இருக்கும் கல்லை ஜேசிபி தூக்குவதை அம்மா பார்க்கக்கூடாது. யாராவது கொடுக்கும் பட்டா நிலம் என்றால் சிக்கல் குறைவு, அப்போதும் மாவட்ட ஆட்சியருக்கு எழுதி அனுமதியைக் கையில் வாங்கிவிட்டு அடிக்கல் போடுங்கள்.

பேனரில் அப்பா படம் போடுவதற்கு வருவோம். ராணுவத்தினரின் படத்தைத் தேர்தல் பிரச்சாரத்தில் பயன்படுத்தக்கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013 டிசம்பரிலும் மறுபடி 2019 மார்ச்சிலும் கட்சிகளுக்குச் சொல்லியிருக்கிறது. தேர்தல் இல்லாத நேரத்தில் அந்த அறிவுரையை வைத்து நேரடியாகத் தடுக்க முடியாது, ஆனால் அம்மா சம்மதிக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கட்சிப் பொறுப்பாளருக்குக் கொடுத்தால், விவரம் தெரிந்த எந்தக் கட்சிக்காரரும் வைக்க மாட்டார். கோர்ட்டுக்குப் போகும் விஷயமாக இதை ஆக்காதீர்கள், தம்பி உங்களுக்கு வேண்டும். பொறுப்பாளர் கூட்டத்தில் ஒருவராக வந்து பூப்போடட்டும், மேடையும் மைக்கும் முன்னாள் ராணுவத்தினரிடம் இருக்கட்டும் என்று பேசிப் பாருங்கள், தம்பிக்கும் முகம் கெடாது.

உங்கள் பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எழுதி வைத்துப் படியுங்கள், அப்போதுதான் யாராவது வெட்டிப் போட்டாலும் முழுப் பேச்சைக் காட்ட முடியும். இப்படி ஏதாவது எழுதலாம்: "என் அப்பா இந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனார். 1987 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் இறந்தார். அவர் முகம் எனக்கு நினைவில்லை. எங்களை அம்மாதான் வளர்த்தார். அந்தச் சண்டையில் இந்தப் பக்கம் செத்தவர்களுக்கும், அந்த ஊர்களில் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் தெருவிலும் செத்த மக்களுக்கும் இந்த விளக்கை ஏற்றுகிறேன். இனி எந்த வீட்டுக்கும் அப்படித் தந்தி வரக்கூடாது." இதில் யாரையும் திட்டவில்லை, உண்மையையும் மறைக்கவில்லை. எந்த அதிகாரியும் இதற்கு மெமோ கொடுக்க முடியாது. போரைப் பற்றிய உங்கள் முழுக் கருத்தையும் எழுத்தில், உட்கார்ந்து பேசும் இடங்களில், நடத்தை விதிகளைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள். அங்கே விரிவாகப் பேச முடியும், எதிர்க்கேள்வியும் வரும், கல் திறக்கும் நாளில் அது நடக்காது.

அப்புறம், முகாமில் இருக்கும் தோழி. அவர் சும்மா இருப்பதைக் கோபம் என்று நீங்களாக அர்த்தம் செய்துகொண்டிருக்கிறீர்கள், அவரிடம் கேட்கவே இல்லை. விழாவுக்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லுங்கள். அனுமதி கேட்கிற மாதிரி போகாதீர்கள், அந்தப் பாரத்தை அவர் தலையில் வைப்பது நியாயமில்லை. இந்தத் தேதியில் இந்த விளக்கை ஏற்றப்போகிறேன், இதைத்தான் படிக்கப்போகிறேன், உன் பாட்டியின் பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஆட்சியருக்கு எழுதும் மனுவையும் ரெக்கார்டு ஆபீஸ் கடிதத்தையும் அம்மா பெயரிலேயே தயார் செய்யுங்கள். பென்ஷன் உத்தரவு, அப்பாவின் இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார் மூன்றுக்கும் நகல் இணைத்து, பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். ஆட்சியரின் அனுமதி கைக்கு வரும்வரை கல்லுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று ஊரில் சொல்லிவையுங்கள்.